பதினொரு பாட்டு, பதினான்கு சாவு

பாரிசில் லாச்சப்பல் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடைத் திறப்பு விழாவில் பாடுவதற்கு என்னை அழைத்திருந்தார்கள். இப்படிச் சொன்னால் நான் ஏதோ பெரிய சங்கீத வித்வான் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதெல்லாம் இல்லை. கோயம்புத்தூரில் முப்பது வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி, தொண்டையைத் தேய்த்து, ஓய்வு பெற்றவள். தேய்ந்தது போக மிஞ்சிய தொண்டையில்தான் இப்போது பாடிக்கொண்டிருக்கிறேன்.

நான் வாசிப்பது டல்சிமர் என்ற மடி வாத்தியம். மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது, அந்த மலையூர் நூலகத்தில் புதன்கிழமைதோறும் கூடும் ஒரு குழுவில் பழகிக்கொண்டேன். இரண்டு முழ நீளத்தில் இடுப்பு ஒடுங்கிய மரப்பெட்டி. மேலே மூன்று தந்தி. ஒரு தந்தியின் மேல் மூங்கில் குச்சியை வைத்து நகர்த்தினால் மெட்டு வரும். மற்ற இரண்டும் தம்புரா போல விடாமல் ரீங்கரிக்கும். மீட்டுவதற்குத் தேங்காய் எண்ணெய் டப்பா மூடியில் வெட்டிய ஒரு பிளாஸ்டிக் துண்டு போதும். மடியில் படுக்கப்போட்டு வாசிப்பதால் முதுகும் வலிக்காது. அறுபது வயதில் ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த மலைக்காரர்கள் இதில் பாடுவதெல்லாம் பழைய கதைப்பாட்டுகள். மெட்டுகள் நம் தெம்மாங்குக்குப் பக்கத்து வீடு. அந்தப் பாணியில், நொய்யல் கரையில் நடப்பதாக நானே பதினொரு பாட்டுகளைத் தமிழில் கட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை வாட்சப்பில் வதனிக்கு அனுப்பியதுதான் வினை.

வதனி என் கல்லூரித் தோழி. யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது குடும்பத்தோடு திருச்சிக்கு வந்தவள். விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே போர்வை. பிறகு அவள் கல்யாணமாகி பிரான்சுக்குப் போனாள். நான் அனுப்பிய பாட்டின் முதல் நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டு உடனே பேசினாள். "எடி மல்லிகா, தையிலை கடை திறக்கிறம். நீதான் வந்து பாடவேணும். வேறை ஒண்டும் கதையாதை."

முதல் நிமிடத்தை மட்டும் கேட்டாள் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. நான் அப்போது கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பாரிசின் புறநகரான சார்செலில் வதனி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பதாம் மாடி. சன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஒன்பதாம் மாடி, அங்கே ஒரு பெண்மணி பால்கனியில் கருவாடு காயப்போட்டிருந்தார். வெளியே மூக்கு கழன்று விழுகிற குளிர். உள்ளே ஹீட்டரின் புண்ணியத்தில் சித்திரை மாதம். நான் கொண்டுபோன மூன்று ஸ்வெட்டரில் இரண்டு பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை.

சாப்பாட்டில் இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, இடித்த சம்பல். சாம்பார் இல்லாமல் ஒரு வேளை இறங்குமா என்று பயந்துகொண்டு வந்தவள் நான். சொதியை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டேன். "சாம்பாரைத் தேடுவாயெண்டு பருப்பு வாங்கி வைச்சன்" என்று வதனி குறைபட்டாள். அந்தப் பருப்பு கடைசிவரை பொட்டலத்திலேயே இருந்தது.

வதனியின் கணவர் குலம் அண்ணா பேசுவது குறைவு. இருபத்தைந்து வருடம் பிரெஞ்சுக்காரர்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கித் தலைமைச் சமையல்காரர் வரை உயர்ந்தவர். வதனி அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தாள். இரண்டு பேரும் போன மாதத்தோடு வேலையை விட்டுவிட்டார்கள். கையிலிருந்தது, கடனாக வாங்க முடிந்தது எல்லாம் கடைக்குள் போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று ஐயர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்.

"நல்ல இடம்தானே?" என்று கேட்டேன்.

வதனிதான் சொன்னாள். "இடம் நல்லம். ஆனால் அந்த இடத்திலை முந்தி ரெண்டு பேர் கடை போட்டவை. ரெண்டும் ஒரு வருஷம் நிக்கேல்லை. ராசியில்லாத இடம் எண்டு லாச்சப்பல் முழுக்கக் கதை. அதுதான் எல்லாம் முறையாச் செய்யவேணும், மல்லிகா. ஒரு அபசகுனமும் வரக்கூடாது."

நான் வேதியியல்காரி. சகுனம் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்லத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் ரொட்டி வாங்கத் தனியாக இறங்கிப் போனேன். கடைக்காரப் பெண்ணிடம் விரலைக் காட்டி "பகெத்" என்றேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுபடி சொன்னேன். "பொன்ழூர், மதாம்" என்றாள், பள்ளிக்கூட டீச்சர் குரலில். எனக்கே டீச்சரா! பிறகுதான் உறைத்தது, முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். நானும் பொன்ழூர் சொன்னேன். முகம் மலர்ந்து ரொட்டியைக் கொடுத்தாள். எங்கள் ஊரில் "ஏனுங்க" என்று தொடங்காமல் எதையும் கேட்க முடியாது, அதே சங்கதிதான். சூடான பகெத்தைப் பிளந்து உள்ளே சம்பல் வைத்துச் சாப்பிட்டோம். இதை யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்து டல்சிமரை மடியில் வைத்துப் பயிற்சியைத் தொடங்கினேன். வதனி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தது 'பொன்னம்மா' பாட்டு. வாட்சப்பில் அனுப்பியதும் அதுதான். கதை சிறியது. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன வெள்ளையன் என்பவன் அக்கரையில் நின்றுகொண்டு பொன்னம்மாவை ஆற்றுக்குள் கூப்பிடுகிறான். ஆழமில்லை, ஆழமில்லை என்று சொல்லிச் சொல்லியே இறக்குகிறான். அவனுக்கு அவள் தொலைந்தால் போதும்.

கணுக்கால் நனையும் தண்ணியடி, கலங்கல் இல்லாத் தண்ணியடி,
இறங்கி வாடி பொன்னம்மா, இன்னும் கொஞ்சம் பொன்னம்மா.

அடுத்த கண்ணியில் முழங்கால். அதற்கடுத்து இடுப்பு. அதற்கடுத்து கழுத்து. பிறகு காலையில் துணி துவைக்க வந்தவர்கள் அவள் கொண்டையைப் பார்க்கிறார்கள். அந்த இடத்தை நான் நன்றாகவே பாடுவேன். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், வதனி கத்தியோடு எதிரில் நிற்கிறாள்.

"செத்துப் போனாளோ?"

"ஆமா."

"உதையோ கடை திறக்கிற அண்டைக்குப் பாடப் போறாய்? உனக்கு என்ன விசரே?"

"முன்னாடியே அனுப்பினேனேடி!"

"நான் முன்னுக்குக் கொஞ்சம்தான் கேட்டனான். தண்ணி, பொம்பிளை, நல்ல மெட்டு, தண்ணி எடுக்கப் போறாள் எண்டு நினைச்சன். சரி, வேறை பாட்டைப் பாடு."

அப்போதுதான் நானே முதல் தடவையாக எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது பதினொரு பாட்டு. ஆற்றில் போனவர்கள் மூன்று. கடலில் ஒருவன். தூக்கில் இரண்டு. விஷம் குடித்த அக்காவும் கொடுத்த தங்கையும். காதலியின் கல்லறையில் உயிரை விட்டவன், அவனைத் தேடிப்போய் அங்கேயே விழுந்த அவன் நாய். இப்படியே கூட்டினால் பதினான்கு. பிழைத்தவர் ஒருவர்கூட இல்லை. கதைப்பாட்டு என்றால் அப்படித்தான். யாராவது செத்தால்தான் அதைப் பாட்டாகக் கட்டி நினைவில் வைக்கிறார்கள். நம் ஊர்க் கதைப்பாட்டுகளிலும் சாவுக்குப் பஞ்சமா என்ன?

வதனியின் மகள் ஆரணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, பாரிசில் பிறந்தவள். அம்மா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இரண்டு பேருக்கும் அது உறுத்துவதில்லை. என் கணக்கைக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னாள். வதனி சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்: "அந்த ஊரிலை போலீஸ் இல்லையோ எண்டு கேக்கிறாள்."

சாவில்லாத பாட்டு வேண்டும், இரண்டே நாளில். "பிள்ளையார் பாட்டு ஒண்டு வாசியன்" என்று வதனி தானே ஒன்றைப் பாடிக்காட்டினாள். நானும் ஆசையாக முயன்றேன். டல்சிமரில் எல்லா ஸ்வரமும் கிடையாது. ஹார்மோனியத்தில் கறுப்புக் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் மிஞ்சுவது எதுவோ அதுதான் இந்த வாத்தியம். அவள் பாடிய மெட்டோ முழுக்கக் கறுப்புக் கட்டைகளில் நடந்தது. நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "பிள்ளையாருக்குச் சளி பிடிச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். தாலாட்டு ஒன்று புதிதாகக் கட்டிப் பார்த்தேன். எனக்கே தூக்கம் வந்தது. கடை திறக்கும்போது வருகிறவர்கள் கொட்டாவி விடுவதும் ஒரு சகுனம்தானே.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் குலம் அண்ணா மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். "பிள்ளை வந்ததே பெரிய விஷயம். பாடாட்டியும் பரவாயில்லை." அந்தப் பெருந்தன்மை எனக்குத் தாங்கவில்லை. ஐயாயிரம் மைல் தாண்டி, விசாவுக்கு இரண்டு முறை வரிசையில் நின்று வந்தது, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவதற்கா? உண்மையைச் சொன்னால் அழுகை வந்தது. சம்பல் காரம் என்று சமாளித்தேன்.

வியாழக்கிழமை வாத்தியத்தோடு லாச்சப்பலுக்குப் புறப்பட்டோம். சார்செல் நிலையத்தில் டிக்கெட்டைச் செருகினால் ஆளுயரக் கதவுகள் திறக்கும், நாம் நுழைந்ததும் பட்டென்று மூடும். நான் நுழைந்தேன், வாத்தியப்பெட்டி நுழையவில்லை. கதவு பெட்டியைக் கவ்விக்கொண்டது. நான் இந்தப் பக்கம் இழுக்க, பின்னால் வந்த ஒரு நீளக் கோட்டு மனிதர் அந்தப் பக்கத்திலிருந்து தள்ளிக் கொடுத்தார். தள்ளிக்கொண்டே ஏதோ சொன்னார், வரிசையே சிரித்தது. வதனியின் முகம் மட்டும் இருண்டுவிட்டது. ரயிலில் ஏறி நாலு தடவை கேட்ட பிறகுதான் அவர் சொன்னதைச் சொன்னாள். "என்ன மதாம், உங்கள் பூனைக்குச் சவப்பெட்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

"பெட்டியைப் பார்த்தா அப்படித்தானே இருக்கு" என்றேன்.

"நீ வாயை மூடு" என்றாள் வதனி.

ரயில் பாதி வழியில் இருபது நிமிடம் நின்றது. ஒலிபெருக்கி ஏதோ மன்னிப்புக் கேட்டது. ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. எங்கள் ஊர் டவுன் பஸ் இருபது நிமிடம் நின்றால் அதற்குள் கண்டக்டரின் பரம்பரையே அலசப்பட்டிருக்கும். "D லைன் எண்டால் இப்பிடித்தான்" என்றாள் வதனி, வானிலையைச் சொல்வது போல.

கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்தோம். ஐந்து நிமிடத்தில் மல்லிகைச் சரமும் முருங்கைக்காயும் நகைக்கடைக் கண்ணாடியும் வந்துவிட்டன. கடை சிறியது, பத்து மேசை. சுவருக்கு மாம்பழ மஞ்சள். குலம் அண்ணா உள்ளே ரோல்ஸ் பொரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஈடை எனக்குத் தந்தார். மொறுமொறுவென்ற மேல்தோலுக்குள் உருளைக்கிழங்கும் மிளகும் வாயைச் சுட்டன. வாசலோர மேசையில் ஒரு பெரியவர், கழுத்துக்கு மப்ளர் சுற்றி, திறக்காத கடையில் ஏற்கெனவே வாடிக்கையாளர் போல உட்கார்ந்திருந்தார். சவரிநாதன் ஐயா. பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"பொன்ழூர் மதாம். நீங்கதான் நாளைக்கு வீணை வாசிக்கிறவங்களா?"

"வீணையா?"

குலம் அண்ணா கரண்டியோடு திரும்பினார். வாழ்க்கையில் அவர் அசடு வழிந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வாத்தியத்தின் பெயர் அவருக்குப் பிடிபடாததால், வாட்சப் குழுக்கள் எல்லாவற்றிலும் "இந்தியாவிலிருந்து வரும் கலைஞரின் வீணை இசை" என்று போட்டுவிட்டாராம். எபினே, ஸ்தேன் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இனிப் பாடாமல் தப்பிக்கவும் வழியில்லை.

அந்த மாம்பழ மஞ்சள் சுவருக்குக் கீழே உட்கார்ந்து நானும் வதனியும் ஒரு முடிவுக்கு வந்தோம். பொன்னம்மாவையே பாடுவது, இடுப்பளவுத் தண்ணீரோடு நிறுத்திவிடுவது. கழுத்தும் கொண்டையும் வேண்டாம். நல்ல மெட்டு, நல்ல ஆறு, இரண்டு நிமிடம், முடிந்தது. "ஆருக்கும் விளங்காது" என்றாள் வதனி. நானும் அப்படித்தான் நம்பினேன். நாங்கள் இருவரும் சேர்ந்து தேர்வில் காப்பி அடித்த காலத்திலேயே எங்கள் திட்டங்களின் லட்சணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியவே இல்லை என்று சொல்லலாம். எட்டரை மணிக்கும் தெருவிளக்கு எரிந்தது, மழை ஊற்றியது. கடை வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, வாழைமரத்துக்குப் பதில் வாழை இலைகள் கட்டிய இரண்டு கம்பு. உள்ளே ஐம்பது பேராவது இருப்பார்கள். பட்டுச்சேலைக்கு மேல் குளிர் கோட்டு, கோட்டுக்கு மேல் மழைத்துளி. ஒன்பதே காலுக்கு ஐயர் மந்திரம் சொல்லிப் பானையில் பாலை ஊற்றினார். குலம் அண்ணா தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பால் பொங்குவதற்குள் பாட்டு வரட்டும் என்றார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து டல்சிமரை மடியில் கிடத்தினேன். "உதென்ன, குட்டி வீணையோ?" என்று ஒரு பெண்குரல். "குளிருக்குச் சுருங்கிப் போச்சாக்கும்" என்று இன்னொன்று. சிரித்தார்கள். நல்ல சபைதான் என்று தைரியம் வந்தது.

கணுக்கால் முடிந்தது. முழங்கால் கண்ணி வரும்போது பின்னால் நின்ற இரண்டு பெண்கள் "இறங்கி வாடி பொன்னம்மா" என்று கூடவே எடுத்துவிட்டார்கள். அந்த வரியின் குணம் அப்படி, கேட்டவர் வாயில் ஒட்டிக்கொள்ளும். இடுப்புக்கு வந்தபோது கடை முழுக்கப் பாடியது.

இடுப்பு நனையும் தண்ணியடி, இளநீர் போலத் தண்ணியடி,
இறங்கி வாடி பொன்னம்மா, இன்னும் கொஞ்சம் பொன்னம்மா.

நிறுத்தினேன். கை கூப்பினேன்.

ஒருவரும் கை தட்டவில்லை.

"பேந்தென்ன நடந்தது?" என்றார் முன்வரிசையில் ஒரு அம்மா.

"அவ்வளவுதானுங்க" என்றேன்.

"அதெப்படி மதாம் அவ்வளவுதான்?" என்று எழுந்துவிட்டார் சவரிநாதன் ஐயா. "அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள நிக்குதே! பாதி ஆத்துல விட்டுட்டு நாம காப்பி குடிக்கிறதா?"

"ஓம், கதையைப் பாதியிலை விடக் கூடாது பிள்ளை" என்றார் அந்த அம்மா. "நல்ல நாளிலை அது சரியான அபசகுனம்."

முழுக்கப் பாடினால் பிணம். பாடாவிட்டால் அதைவிடக் கேடு. நாளைக்கு இந்தக் கடையில் ஒரு நாள் கூட்டம் குறைந்தாலும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, என் பாட்டைத்தான் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் வதனி நினைப்பாள். அவளைத் தேடினேன். அடுப்புக்குப் பக்கத்தில் கையில் கரண்டியோடு, சாம்பல் பூத்த முகத்தோடு நின்றாள். குலம் அண்ணா அவளைப் பார்க்காமல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு எதுவும் செய்யத் தெரியாததால் வெறுமனே தந்திகளை மீட்டிக்கொண்டே இருந்தேன். மெட்டு இல்லை, அந்த இரண்டு ரீங்காரத் தந்திகள் மட்டும். இந்த வாத்தியத்தில் ஒரு வசதி, ஒன்றும் தோன்றாதபோதும் அது பாட்டுக்கு இசைத்துக்கொண்டிருக்கும். கூட்டத்தில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அவன் வருவான் என்றார் ஒருவர். அவன் கள்ளன், வரமாட்டான், இவளுக்குத்தான் மூளை வேண்டும் என்றார் இன்னொருவர். "D லைன்லை போயிருந்தால் ஆறு வரைக்கும் போய்ச் சேர்ந்தே இருக்கமாட்டாள்" என்று ஒரு குரல் வந்ததும் சார்செல்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வதனி சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் பால் பொங்கியது. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது, யாரோ "பொங்கீட்டுது!" என்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே வதனி பாடத் தொடங்கினாள். விடுதிக் குளியலறையைத் தவிர வேறெங்கும் அவள் பாடி நான் கேட்டதில்லை. சுருதி சேரவில்லை, குரல் உடைந்தது, ஆனால் மெட்டு அச்சுப் பிசகாமல் என் மெட்டு.

அடுப்பிலை பாலும் பொங்குதடி, ஆக்கின சோறும் ஆறுதடி,
ஏறி வாடி பொன்னம்மா, எட்டி வாடி பொன்னம்மா.

என் குச்சி தானாகத் தந்தியில் ஏறியது. இரண்டாம் முறை அவள் பாடியபோது கடையே பாடியது. இறங்கி வா என்று சற்று முன் பாடிய அதே வாய்கள். முன்வரிசை அம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தச் சொல்லிவிட்டு அடுத்த கண்ணியை அவரே போட்டார்:

துவாயும் சீலையும் வைச்சிருக்கு, தேத்தண்ணி ஊத்தி வைச்சிருக்கு,
ஏறி வாடி பொன்னம்மா, எட்டி வாடி பொன்னம்மா.

பிறகு என்ன, நான் பாட்டைத் திருப்பி நடத்தினேன். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து கணுக்கால். ஒவ்வொரு கண்ணிக்கும் தண்ணீர் இறங்க இறங்கக் குரல்கள் ஏறின. ஆரணிகூடப் பாடினாள், தமிழில். குலம் அண்ணா பாடவில்லை. பொங்கிய பாலைக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தவர் துடைப்பதை நிறுத்திவிட்டு வதனியையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னம்மா கடைசிப் படியில் கால் வைத்தபோது கை தட்டினார்கள் பாருங்கள், வெளியே மழை கேட்கவில்லை.

கைதட்டல் ஓயுமுன் கதவு திறந்தது. ஒரு பெண். ஆப்பிரிக்க முகம், முப்பது வயதிருக்கும், குடை இல்லாமல் தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். கடை திறந்திருக்கிறதா, சூடாக ஏதாவது கிடைக்குமா என்று பிரெஞ்சில் கேட்டாள். மழை நாளில் கதவைத் திறந்து வருகிறவர் நனைந்துதான் வருவார். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நான் வேதியியல்காரி. ஆனால் அந்த ஐம்பது பேரும் ஒரு நொடி மூச்சுவிடாமல் அவளையே பார்த்தார்கள், நானும்தான்.

"வந்திட்டாள்!" என்றார் முன்வரிசை அம்மா.

நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். யாரோ துவாயை நீட்டினார்கள். வதனி அவள் தலையைத் தானே துவட்டிவிட்டாள். பால், பிறகு ரோல்ஸ், பிறகு சோறும் கறியும் என்று முதல் சாப்பாடு அவளுக்குப் போனது. தன்னை ஏன் இத்தனை பேர் கண்கலங்கப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வருகிறாளாம், நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நாளைக்கும் திறந்திருப்பீர்களா என்று கேட்டாள். குலம் அண்ணா தலையாட்டிக்கொண்டே "உய், உய்" என்று மூன்று தடவை சொன்னார்.

கூட்டம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு வதனி என் பக்கத்தில் வந்து தொப்பென்று அமர்ந்தாள். மூன்று நாளாக இறுகிக் கிடந்த முகம் அவிழ்ந்திருந்தது. என் மடியிலிருந்த வாத்தியத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மல்லிகா, மிச்சம் பத்துப் பாட்டு இருக்கெல்லே?"

"இருக்கு. ஏன்?"

"எல்லாத்தையும் எடு. ஒவ்வொருத்தராக் கரையேத்திப்போட்டுத்தான் உன்னைப் பிளேனிலை ஏத்துவன்."

தூக்குமேடையில் நிற்பவனிலிருந்து ஆரம்பித்தோம்.